போதகர் வேலைக்குப் போகலாமா, வியாபாரம் செய்யலாமா?

ஆவடி பக்கம் வாடகைக் கட்டடத்தில் சபை நடத்தும் ஓர் இளம் போதகர் கேட்டிருக்கிறார். சபையில் 35 குடும்பங்கள். மாதக் காணிக்கையில் ஹால் வாடகை, கரண்ட் பில், சவுண்ட் செட் தவணை எல்லாம் போனால் வீட்டுக்கு மிஞ்சுவது ஏழெட்டாயிரம். இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஊழியத்துக்கு வருமுன் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டியவர். மறுபடி வேலைக்குப் போகலாமா, இல்லை வாட்டர் கேன் ஏஜென்சி எடுக்கலாமா என்பது அவர் கேள்வி. "சபை வீடுகளே 35 இருக்கு, கஸ்டமருக்கு அலைய வேண்டாம்" என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த ஊழியர் ஒருவரோ, வேலைக்குப் போவது விசுவாசக் குறைவு என்று கண்டித்திருக்கிறார்.

பாஸ்டர், வேலைக்குப் போங்கள். வாட்டர் கேன் ஏஜென்சியை நீங்கள் நினைக்கும் விதத்தில் எடுக்காதீர்கள். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் என் பார்வையில் இவை வேறு வேறு. தொழிற்சாலையில் உங்களுக்குச் சம்பளம் தருபவர் உங்கள் பிரசங்கம் கேட்பவர் அல்ல. தண்ணீர் கேனுக்குக் காசு தருபவர்களோ ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன்னால் உட்காருகிறவர்கள். வட சென்னையிலும் அம்பத்தூர், ஆவடி பக்கமும் சிறு சபைகளுக்கும் டிரஸ்டுகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என் சொந்த சபையில் பொருளாளராகவும் இருக்கிறேன். வெளியே வேலை பார்த்த போதகரால் சபை உடைந்து நான் பார்த்ததில்லை. சபைக்குள்ளேயே வியாபாரம் செய்ததால் உடைந்த சபைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த விசுவாசக் குறைவு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் மனதை அரிப்பது அதுதான் என்று தெரிகிறது. பவுல் கொரிந்துவுக்குப் போனபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரத் தொழில் செய்ததை அப்போஸ்தலர் 18-ல் வாசிக்கிறோம். இது எல்லாருக்கும் தெரியும், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு அடுத்து நடந்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்து சேர்ந்ததும் பவுல் முழு மூச்சாகப் பிரசங்கத்தில் இறங்குகிறார். தனக்குக் குறைவு வந்தபோது மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் அதை நிறைவாக்கினார்கள் என்று 2 கொரிந்தியர் 11-ல் அவரே எழுதுகிறார். பிலிப்பியர் அனுப்பிய உதவியை அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார். ஆக, பவுல் வேலையும் செய்தார், காணிக்கையும் வாங்கினார். ஆனால் கொரிந்துவில் இருந்தபோது கொரிந்தியரிடம் வாங்கவில்லை. சுவிசேஷத்தை அறிவிக்கிறவருக்குச் சுவிசேஷத்தால் பிழைப்பு உண்டு என்ற உரிமையை 1 கொரிந்தியர் 9-ல் வரிசையாக நிறுவிவிட்டு, அதே அதிகாரத்தில் "அந்த உரிமையை உங்களிடம் நான் பயன்படுத்தவில்லை" என்கிற பொருளில் முடிக்கிறார். யாரிடம் பேசுகிறாரோ அவர்களிடம் கை நீட்டாமல் இருப்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

மூத்த ஊழியர் 2 தீமோத்தேயு 2-ஐயும் உங்களிடம் சொல்லியிருக்கலாம், பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். போர்ச்சேவகன் பிழைப்புக்கடுத்த அலுவல்களில் சிக்கிக்கொள்ள மாட்டான் என்ற வசனம். அதை எழுதியவர் கொரிந்துவில் கூடாரம் தைத்தவர், தெசலோனிக்கேயில் இரவும் பகலும் வேலை செய்தவர். அப்படியானால் அவர் தடுப்பது சிக்கிக்கொள்வதைத்தான். ஷிப்ட் முடிந்ததும் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்துவிடும் வேலையில் சிக்கல் குறைவு. இரவு பதினொரு மணிக்கும் போன் வரும் வியாபாரத்தில் சிக்கல் அதிகம். இதுவும் உங்களை நான் வேலை பக்கம் தள்ளுவதற்கு ஒரு காரணம்.

அந்த மூத்த ஊழியர் சொல்வதற்குப் பின்னால் ஒரு நல்ல பாரம்பரியம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது, வெளி வேலையும் கிடையாது. ஆனால் அவர்கள் திருமணம் செய்யாமல், விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்கிறார்கள். சாப்பாடும் தங்குமிடமும் பொதுவானவை. ஸ்கூல் ஃபீஸ் கட்டும் கவலை அங்கே எழுவதில்லை. இன்னொரு பக்கம், 1947 செப்டம்பரில் இதே சென்னையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவருக்குப் பேராயம் சம்பளம் தருகிறது, குடியிருக்க வீடு தருகிறது, ஓய்வு வயதும் உண்டு. முழுநேர ஊழியம் இந்த இரண்டு இடத்திலும் நடக்கிறது, இரண்டுக்கும் பின்னால் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. தனிச்சபை நடத்தும் உங்களுக்கு அந்த அமைப்பு எதுவும் இல்லை, மனைவி பிள்ளைகள் இருக்கிறார்கள், மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார். அவர்கள் வாழும் முறையின் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து உங்கள் மேல் வைத்து, அதைத் தாங்க முடியாவிட்டால் விசுவாசம் இல்லை என்பது நியாயமே இல்லை.

நம் நாட்டிலேயே மூத்த உதாரணங்கள் இருக்கின்றன. ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி வங்காளத்துக்கு வந்த புதிதில், 1794 முதல் சில ஆண்டுகள், முட்நாபட்டியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையை நிர்வகித்துப் பிழைத்தார். 1801-லிருந்து கல்கத்தா ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் கற்பித்தார். அந்தச் சம்பளத்தில் சிறு பகுதியை மட்டும் தன் செலவுக்கு வைத்துக்கொண்டு மீதியைச் செராம்பூர் மிஷனின் பொதுப் பணத்தில் சேர்த்தார். நம் ஊருக்குப் பக்கத்தில், சித்தூரில், ஆந்தனி நாரிஸ் குரோவ்ஸ் என்பவரின் கதை வேறு மாதிரி. இங்கிலாந்தில் பல் மருத்துவராக இருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர், மிஷனரிகள் கைத்தொழில் செய்து தங்களைத் தாங்க வேண்டும் என்று நம்பி விவசாயத்திலும் பட்டு உற்பத்தியிலும் முதலீடு செய்தார். அது கடனில் போய் முடிந்தது. கேரி சம்பளத்துக்கு வேலை பார்த்தார், குரோவ்ஸ் முதல் போட்டார். இருவருடைய பக்தியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முதல் போட்டவர் கடனையும் சுமந்துகொண்டுதான் ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் ஏஜென்சிக்கு டெபாசிட்டும் ஒரு பழைய மினி வண்டியும் தேவைப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதை நீங்கள் எழுதவில்லை.

இப்போது வியாபாரம் சபைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

விசுவாசி ஒருவர் இப்போது 35 ரூபாய்க்குத் தெரு முனைக் கடையில் கேன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏஜென்சி எடுத்ததும் அவர் உங்களிடம் மாறுவார். தண்ணீர் பிடித்திருப்பதால் அல்ல, பாஸ்டரிடம் வாங்காமல் பக்கத்துக் கடையில் வாங்கினால் நன்றாக இருக்காது என்பதால். ஒரு நாள் கேனில் பாசி வாடை வரும். கடைக்காரரிடம் என்றால் சத்தம் போட்டு மாற்றி வாங்கியிருப்பார். உங்களிடம் சொல்லமாட்டார், மனைவியிடம் சொல்வார், மனைவி இன்னொரு சகோதரியிடம் சொல்வார். இரண்டு மாதம் காசு பாக்கி வைத்த குடும்பம் ஞாயிறு ஆராதனைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளும். உங்களுக்கும் அந்த வீட்டு வாசலில் ஏறும்போது ஜெபிக்க வந்தோமா, பாக்கி கேட்க வந்தோமா என்ற சங்கடம் இருக்கும். கேன் தூக்க வைத்துக்கொள்ளும் வாலிபப் பையன் சபைப் பிள்ளையாக இருந்தால், அவனுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காமல் "ஊழியமா நினைச்சு செய்ப்பா" என்று சொல்லும் நாளும் வரும். சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, கையில் காசு இல்லாதபோது அந்த வார்த்தை சுலபமாக வந்துவிடுகிறது.

தண்ணீர் கேன் சின்ன விஷயம். இதே வழியில் பெரிய விஷயங்களும் வருகின்றன. போதகர் எல்ஐசி ஏஜெண்ட் ஆவது, மல்டிலெவல் மார்க்கெட்டிங்கில் விசுவாசிகளைத் தன் கீழே சேர்ப்பது, சபைக்குள் சீட்டுப் பிடிப்பது. சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு வேண்டும். "நமக்குள்ளதானே" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. எல்லாவற்றிலும் மோசமானது மனை வியாபாரம். எனக்குத் தெரிந்த ஒரு சபையில் போதகர் லேஅவுட் புரோக்கராக மாறினார். புறநகரில் மனை, தவணையில் கட்டலாம், பக்கத்திலேயே சபைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மேடையிலேயே அறிவித்தார். வீட்டு வேலை செய்யும் சகோதரிகள்கூட நகையை வைத்துப் பணம் கட்டினார்கள். மனைக்கு அங்கீகாரம் கிடையாது. 2016-க்குப் பிறகு அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் நின்றுபோனதால், கட்டிய பணமும் இல்லை, பத்திரமும் இல்லை. அந்தப் போதகர் ஏமாற்ற நினைத்தவர் அல்ல, அவரும் சேர்ந்தே ஏமாந்தார். ஆனால் "கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார்" என்று அவர் சொன்னதை நம்பித்தான் அவர்கள் பணம் கட்டினார்கள். இன்று அந்த ஹாலில் வேறு யாரோ ஜிம் நடத்துகிறார்கள். மாதம் 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கியதாக 2022-ல் சென்னையில் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன வழக்கு நினைவிருக்கும். அந்த மாதிரித் திட்டங்கள் பரவுவது தெரிந்தவர் சொன்னார் என்ற நம்பிக்கையால்தான். ஒரு சபையில் போதகரைவிட நம்பிக்கைக்குரிய தெரிந்தவர் யார்?

அதனால் நான் எல்லாப் போதகர்களிடமும் கேட்டுக்கொள்வது: விசுவாசிகள் உங்கள் வாடிக்கையாளராக, பங்குதாரராக, கடன் கொடுத்தவராக, வேலைக்காரராக இருக்க வேண்டாம். ஏஜென்சிதான் வேண்டும் என்றால் சபைக் குடும்பங்கள் இல்லாத பகுதியில் எடுங்கள், கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் போடுங்கள், உங்கள் பெயரில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சபை வீடுகளைக் கழித்துவிட்டால் இந்த ஏஜென்சியில் உங்களுக்கு மிஞ்சும் அனுகூலம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

வேலைக்குப் போவதில் சம்பளம் போக இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ வரும். குடும்பத்துக்கே வைத்தியம், அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் பெரிய மருத்துவமனைகள். பிஎஃப் பிடிப்பார்கள், பத்து வருடப் பணி சேர்ந்தால் சிறியதாக ஒரு பென்ஷனுக்கும் தகுதி வரும். தனிச்சபைப் போதகர்கள் அறுபது வயதுக்கு மேல் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மூட்டுவலியோடு மாடி ஏறி ஜெபக் கூட்டத்துக்குப் போவார்கள், ஓய்வெடுத்தால் வீட்டில் அடுப்பு எரியாது. சேர்த்து வைக்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, சேர்க்கும்படி ஒன்றும் கையில் வரவில்லை. இன்னொன்று, தமிழ்நாடு அரசு தேவாலய உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. உங்கள் சபையின் நிலையில் அதில் சேர முடியுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் சிறுபான்மையினர் நலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கணக்கு. இதில் நான் கறாராகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஹாலில் காணிக்கைக்கு ஒட்டியிருக்கும் க்யூஆர் கோட் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலான சிறு சபைகளில் அது போதகரின் சொந்த ஜிபே நம்பர்தான். சபைக் காணிக்கை உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுந்தால், வருமான வரித் துறையின் பார்வைக்கு அது உங்கள் பணம். வாடகைக்கும் ஏழைகளுக்கும் செலவழித்தேன் என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வரிக் கணக்கில் வந்துவிடும். சம்பளத்தை ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன், அதனால் அது என் வருமானம் இல்லை என்ற வாதமும் நிற்காது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும் தங்கள் சம்பளம் முழுவதையும் மடத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் வரி பிடிக்கக் கூடாது என்று கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2024 நவம்பரில் அந்த மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின.

ஆகவே சபைக்கு ஒரு டிரஸ்டோ சங்கமோ பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கும் க்யூஆர் கோடும் வாங்குங்கள். சபைப் பெரியவர்களான மூப்பர்கள் இருவர் கையெழுத்தில் பணம் எடுக்கட்டும். உங்கள் உதவித்தொகை எவ்வளவு என்பதைக் கமிட்டி தீர்மானமாக எழுதி, மாதாமாதம் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றட்டும். டிரஸ்டியும் நீங்கள், பணம் பெறுபவரும் நீங்கள் என்றால், செய்யும் வேலைக்கு நியாயமான தொகைக்கு மேல் போனால் அந்த மிகுதிக்கு டிரஸ்டுக்கு வரிவிலக்கு கிடைக்காது. உங்கள் தொழிலுக்குச் சபைப் பணத்தை ஒரு வாரக் கைமாற்றாகக்கூட எடுக்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள நண்பர் ஊழியத்துக்கு என்று டாலர் அனுப்புகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெறாமல் வாங்கக் கூடாது. அந்தப் பதிவு உள்ள அமைப்புகளுக்குக்கூட 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்கில் மட்டும்தான் பணம் வர முடியும், அதை வாங்கி உங்களுக்கு மாற்றிவிடவும் அவர்களால் முடியாது.

நேரம் குறையும், அதை மறைக்க முடியாது. செவ்வாய் உபவாச ஜெபம், வெள்ளி வீட்டு ஜெபம் இரண்டையும் நீங்களே நடத்த முடியாமல் போகும். ஒன்றை மூப்பரிடம் கொடுங்கள். இதில் சபைக்கு நன்மைதான், பேசத் தெரிந்த ஒரு சகோதரர் உங்கள் சபையிலும் கண்டிப்பாக இருப்பார். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியிலோ படுத்திருப்பவரைப் பார்க்க மாலையில் பார்வையாளர் நேரத்துக்குப் போகலாம். நைட் ஷிப்ட் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மறுநாள் பகலில் நீங்கள் வேதம் வாசிக்கவும் முடியாது, தூங்கவும் முடியாது. அப்புறம் உங்கள் வீட்டம்மாவிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். பகலில் வாசலுக்கு வரும் ஜெப விண்ணப்பம், சண்டை, அழுகை எல்லாம் இனி அவர் தலையில்தான் விழும். அவருக்குச் சம்மதமா என்று பாஸ்டரம்மாவை யாரும் கேட்பதில்லை.

சபையிடம் திறந்து சொல்லுங்கள், சொல்லும்போது அவர்கள் கொடுப்பதை நிறுத்தும்படி சொல்லிவிடாதீர்கள். நெகேமியா 13-ல் ஆலயப் பணி செய்த லேவியருக்குச் சேர வேண்டியது கொடுக்கப்படாததால் அவர்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா திரும்பி வந்து கடிந்துகொண்டது வயலுக்குப் போன லேவியரை அல்ல, கவனிக்காமல் விட்ட தலைவர்களை. உங்கள் மூப்பர்கள் இதை வாசிக்க வேண்டும். 35 குடும்பங்களில் பலர் தினக்கூலி என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐயாயிரமோ எட்டாயிரமோ, சபை தன் போதகருக்குத் தவறாமல் கொடுத்துப் பழகட்டும். நாளைக்கு உங்களுக்குப் பின் வருபவர் கைத்தொழில் தெரியாதவராக இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை கமிட்டியில் உட்கார்ந்து தொகையைப் பாருங்கள், சபை வளர்ந்தால் வேலையைக் குறைப்பதா விடுவதா என்று அப்போது பேசலாம்.

கம்பெனியில் சேரும் அன்றே ஒன்றைக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்கள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக வருடத்துக்கு ஐந்து பண்டிகை விடுமுறை தர வேண்டும். அந்த ஐந்தில் கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் இருக்கிறதா என்று பாருங்கள். வார விடுமுறை ஞாயிறுதான் என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்ப விடியற்காலை ஆகும் என்பதால் ஜனவரி 1-க்கு லீவு வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.